உருளைக்கிழங்கும் கூழாங்கல்லும்

அக்டோபர் 30, 2025, வியாழன். பாரிஸ், மோன்பர்னாஸ்

அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கியே கழிந்தது. இன்று காலை, "வீட்டுக்குள்ளேயே கிடந்தா தூக்கம்தான்டா வரும், எங்கேயாவது போயிட்டு வா" என்று அக்கா கிளப்பிவிட்டார். அத்தான் ஒரு மடக்குக் குடையைக் கையில் கொடுத்தார். கோபுரம், அருங்காட்சியகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். போன வருடம் ஒரு நண்பர் காட்டிய புகைப்படத்தில், ஒரு கல்லறை முழுக்கப் பழைய மெட்ரோ டிக்கெட்டுகள் கிடந்தன. செத்தவருக்கு எதற்கு ரயில் டிக்கெட் என்ற கேள்வி அப்போதே மனதில் உட்கார்ந்துவிட்டது.

அது பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூரின் கல்லறை. 1991 மார்ச்சில் இறந்தவர். 1958-இல் அவர் பாடி, அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு, லிலா மெட்ரோ நிலையத்தில் நாள் முழுக்க டிக்கெட்டில் துளை போடும் ஒரு தொழிலாளியைப் பற்றியது. பூமிக்கு அடியில், வெயிலே படாமல், சின்னச் சின்னத் துளைகளாகப் போட்டுக்கொண்டே வாழ்க்கையைக் கழிக்கிற ஆள். அந்தத் தொழிலாளிக்காகத்தான் டிக்கெட். கூடவே சிகரெட், பூ, ஒரு முட்டைக்கோஸ். முட்டைக்கோஸுக்கும் அவருடைய ஒரு பாட்டுத்தொகுப்புதான் காரணம்.

குனிந்து பார்த்தேன். மழையில் ஊறிய டிக்கெட்டுகள் கல்லோடு ஒட்டிப்போயிருந்தன. சிலவற்றில் எழுத்து முழுக்க வெளுத்து, பின்பக்கத்துப் பழுப்புக் காந்தப்பட்டை மட்டும் மிச்சம். காற்றில் பறக்காமல் இருக்க, யாரோ ஐந்தாறு டிக்கெட்டை விசிறி மாதிரி விரித்து, மேலே ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

பாரிஸில் காகித டிக்கெட்டுக்கு இப்போது விடை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வந்தது 2.50 யூரோவுக்கு அட்டையில் ஏற்றிய பயணம். கையில் வைக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி பணப்பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்தாள். பாட்டியின் கைப்பை அடியில் கிடந்ததாம். "வீட்டில் இன்னும் மூன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒன்றாகக் கொண்டுவருவேன்" என்றாள். மூன்றும் தீர்ந்த பிறகு என்ன செய்வாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிரெஞ்சுத் தத்துவவாதிகள் சார்த்தரும் சிமோன் த போவ்வாரும் ஒரே கல்லின் கீழ் இருக்கிறார்கள். அவர் இறந்தது 1980, இவர் 1986, இரண்டும் ஏப்ரல். வெளிர்நிறக் கல்லில் உதட்டுச்சாயத் தடங்கள். அங்கேயும் டிக்கெட்.

நான் அதிக நேரம் நின்றது அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசரின் கல்லறையில். 1984-இல் இறந்தவர். அவருடைய பேர்பெற்ற நாவலின் தலைப்பு ஒரு சிறுபிள்ளை விளையாட்டின் பெயர்: பாண்டி. தரையில் கட்டம் போட்டு, சில்லு எறிந்து, ஒற்றைக் காலில் தாண்டுகிறோமே, அதேதான். காகிதத்தில் பாண்டிக் கட்டம் வரைந்து வந்து வைக்கிறார்கள். இன்று அப்படி ஒரு காகிதத்தின் மேல் தட்டையான ஓட்டுத்துண்டு ஒன்று இருந்தது. அசல் சில்லு. ஓரம் கையால் தேய்த்து வட்டமாக்கியது. எந்த ஊர்ப் பிள்ளை எறிந்ததோ, கடைசிக் கட்டத்தில் வந்து விழுந்திருக்கிறது.

வெளியே வந்தபோது வாசல் முழுக்கப் பூத்தொட்டிகள். எல்லாம் சாமந்தி. மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு. அக்கா வீட்டுக்குக் கீழ்மாடியில் ஒரு வயதான அம்மா இருக்கிறார், மாலை தேநீருக்கு அழைத்திருந்தார். வெறும் கையோடு போவானேன் என்று 9 யூரோவுக்கு ஒரு தொட்டி வாங்கிக்கொண்டேன். அவர் கதவைத் திறந்து, என் கையைப் பார்த்ததும் முகம் மாறியது. பின்னால் வந்த அக்கா, "ஐயோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். இங்கே சாமந்தி இறந்தவர்களுக்கான பூ. முதல் உலகப் போருக்குப் பிறகு, நவம்பரில் பூக்கும் பூ என்பதால் போர்க் கல்லறைகளுக்கு வைக்கத் தொடங்கி, அப்படியே நிலைத்துவிட்டது. உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு யாரும் எடுத்துப் போவதில்லை.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்த அம்மா தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை கணவர் கல்லறைக்குப் போக வேண்டும், தூக்கிவரத் தெம்பில்லையே என்று நினைத்திருந்தேன், நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். அக்கா அதை மொழிபெயர்த்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு தேநீரும் ஆப்பிள் பலகாரமும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 31, வெள்ளி. மோன்மார்த்ர்

மழை விடவில்லை. மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டம் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு இரும்புப் பாலத்தில் வண்டிகள் போகின்றன, கீழே பூனைகள் கல்லறைகளுக்குள் ஒதுங்கி நிற்கின்றன.

இங்கே நான் தேடி வந்தது செருப்புகளை. பாலே நடனத்தில் கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுவதை ஒரு கலையாகவே ஆக்கிக் காட்டியவர் மரீ தாலியோனி. 1832-இல் பாரிஸ் மேடையில் அவர் அப்படி ஆடியதைத்தான் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். நடனப் பெண்கள் தேய்ந்துபோன தங்கள் காலணிகளைக் கொண்டுவந்து இந்தக் கல்லறையில் விடுகிறார்கள். ரோஜா நிற சாட்டின் துணி நனைந்து சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு ஜோடியின் உள்ளே குனிந்து பார்த்தேன். நுனியில் கெட்டியாக்கிய பகுதி உடைந்து, பெருவிரல் அழுந்திய இடம் குழியாக இருந்தது. அந்தக் குழிக்குள் மழைத்தண்ணீர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தாலியோனி உண்மையில் இங்கே இல்லை, இது அவருடைய தாயின் கல்லறை, மகள் பாரிஸின் இன்னொரு கல்லறைத் தோட்டமான பெர் லஷேஸில் இருக்கிறார் என்று பலர் சொல்கிறார்கள். அது தெரிந்தும் காலணிகள் இங்கேதான் வருகின்றன. எனக்கு இது தவறாகப் படவில்லை. ஆடிய காலைப் பெற்றவள் அல்லவா.

திரும்பும் வழியில் லா ஷபெல் பக்கம் இறங்கி ஈழத்தமிழர் கடை ஒன்றில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். கடைக்காரர், "எங்க போயிட்டு வாறியள்?" என்று கேட்டார். சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, "வைக்கிறதுக்கு ஒரு கல்லறை இருக்கிறதே பெரிய விஷயம் தம்பி" என்றார். அதற்கு மேல் இருவருமே பேசவில்லை.

நவம்பர் 1, சனி. பெர் லஷேஸ்

இன்று அனைத்துப் புனிதர் நாள், அரசு விடுமுறை. குடும்பம் குடும்பமாக சாமந்தித் தொட்டியோடு வருகிறார்கள். பெர் லஷேஸ் 1804-இல் திறக்கப்பட்டது, சுமார் 44 ஹெக்டேர். நடந்தே கால் ஓய்ந்துவிட்டது.

கிளம்பும்போது அக்காவிடம் ஒரு உருளைக்கிழங்கு கேட்டேன். எதற்கென்று சொன்னதும், "ஒண்ணு எப்படிடா கொடுக்கிறது, ரெண்டா எடுத்துட்டுப் போ" என்று கழுவித் துடைத்துத் தந்தார். ஒற்றைப்படையில் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

அது பார்மாந்தியேவுக்கு. பிரெஞ்சுப் படையில் மருந்தாளுநராக இருந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் ஏழாண்டுப் போரில், அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் படையிடம் சிறைப்பட்டபோது, சாப்பிடக் கிடைத்தது உருளைக்கிழங்கு. பிரான்ஸில் அப்போது அதைப் பன்றிக்குத்தான் போடுவார்கள், தின்றால் தொழுநோய் வரும் என்ற பயமும் இருந்தது. மாதக்கணக்கில் அதைத் தின்று நன்றாகவே வெளியே வந்தவர், ஊர் திரும்பி அதற்காக வாதாடினார். 1772-இல் பாரிஸ் மருத்துவப் பீடம் அதை உண்ணத் தகுந்ததென்று அறிவித்தது. மாட்டிறைச்சிக் கொத்தின் மேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் பலகாரத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அத்தான் நேற்று இரவு அதைத்தான் செய்துகொடுத்தார்.

1813-இல் இறந்தார். கல்லறையைச் சுற்றி உருளைக்கிழங்குகள். சிலது பச்சை பிடித்து, சிலது முளைவிட்டு. ஒன்றில் பேனாவால் 'மெர்சி' என்று எழுதியிருந்தார்கள். நன்றி. சின்னப் பையன் ஒருவன் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்பா, பார்மாந்தியே இல்லாவிட்டால் உனக்கு வறுத்த கிழங்கு கிடையாது என்று சொல்லிக்கொடுத்தார். பையன் அதைக் கேட்டுத் தன் வரிசையை இன்னும் நேராக்கினான். என்னிடமிருந்ததை அந்த வரிசையின் கடைசியில் வைத்தேன்.

நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, நீத்தார் கடன். சடங்கு என்று பொருள் கொண்டு பழகிவிட்டோம். கடன் என்பது கடன்தான் என்று இங்கே நிற்கும்போது தோன்றியது. அவரிடம் எதை வாங்கினோமோ அதையே கொண்டுவந்து தருகிறார்கள். பாட்டு வாங்கியவர் டிக்கெட், நடனம் வாங்கியவர் காலணி, வயிறு நிறைந்தவர் கிழங்கு.

எல்லாக் காணிக்கையும் கல்லுக்கு நல்லதில்லை. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் கல்லறை, சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் செதுக்கிய பெரிய சிறகு கொண்ட உருவம். பெண்கள் உதட்டுச்சாயம் பூசி அதில் முத்தமிடுவது 1990-களில் பெரிய வழக்கமாகிவிட்டது. சாயத்தில் இருக்கும் கொழுப்பு கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். சுரண்டிக் கழுவும் ஒவ்வொரு முறையும் கல்லின் மேல்தோலும் சேர்ந்து போகும். கடைசியில் 2011-இல் சுத்தம் செய்து, சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். இப்போது கண்ணாடியில் முத்தம். அதைத் துடைத்தால் போய்விடும். அன்பை நிறுத்தாமல் கல்லையும் காப்பாற்றியிருக்கிறார்கள், இது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

அமெரிக்க ராக் பாடகர் ஜிம் மாரிசன் கல்லறையில் கம்பித் தடுப்பு, கூட்டம். பக்கத்து மரத்தில் சூயிங்கம் ஒட்டி ஒட்டி, இப்போது அதன் அடியைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டியிருக்கிறார்கள். அவர் மார்பளவு சிலை 1988-இல் திருடுபோய், இந்த ஆண்டு மே மாதம்தான் காவல்துறையிடம் சிக்கியது. வைப்பவர்களும் எடுப்பவர்களும் ஒரே வழியில்தான் வருகிறார்கள்.

தள்ளுவண்டியோடு வந்த ஒரு ஊழியரிடம், இதையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாடிய பூ, நனைந்த காகிதம், அழுகியது எல்லாம் வண்டிக்கு. "கல்?" என்றேன். கல் அழுகாதே, அதை ஏன் எடுக்க வேண்டும் என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு. ரயிலில்

பாரிஸிலிருந்து பெர்லினுக்கு நேர் ரயில். எட்டு மணி நேரம் என்றார்கள், பத்தரை ஆனது. ஜெர்மனிக்குள் நுழைந்து ஒரு சின்ன நிலையத்தில் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டது. உணவுப் பெட்டியில் சூடான எதுவும் தீர்ந்துபோய், 4 யூரோவுக்கு ஒரு உப்பு பிரெட்செல் மட்டும் கிடைத்தது.

எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவ வீரர். என் பையின் பக்கவாட்டு வலையில் இருந்த இன்னொரு உருளைக்கிழங்கைப் பார்த்துக் கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அமெரிக்கப் போர்வீரர் கல்லறைகளில் நாணயம் வைப்பதற்குப் பரவலாக ஒரு கணக்கு உண்டாம். ஒரு சென்ட் வைத்தால், வந்து போனேன். ஐந்து சென்ட், உன்னோடு பயிற்சி முகாமில் இருந்தேன். பத்து சென்ட், உன்னோடு பணியாற்றினேன். இருபத்தைந்து சென்ட் என்றால், நீ சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைகளும் பெற்றோரும் வந்து பார்த்தால், பேச ஆளே இல்லாமல் செய்தி தெரிந்துவிடும்.

"நீங்கள் எது வைத்தீர்கள்?" என்று கேட்டேன். மேசையில் இருந்த கடைசி நாணயத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ரயில் நகரவே இல்லை. பிரெட்செலைப் பிய்த்து அவருக்குப் பாதி கொடுத்தேன்.

நவம்பர் 3, திங்கள். போட்ஸ்டாம்

இரவு பன்னிரண்டுக்கு அறைக்கு வந்ததில் காலையில் கண் திறக்க முடியவில்லை. போட்ஸ்டாம் பெர்லினுக்குப் பக்கம், உள்ளூர் ரயிலில் 4.70 யூரோ. இறங்கிப் பேருந்து பிடித்து சான்சூசி அரண்மனை வாசலுக்குப் போனால், திங்கட்கிழமை விடுமுறை. நல்லவேளை, எனக்கு அரண்மனை வேண்டியதில்லை. பூங்கா திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. கல்லறை வெளியே திராட்சைப் படிக்கட்டின் மேல்தளத்திலேயே இருக்கிறது.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக். சாம்பல்நிறக் கல் ஒன்று புல்லில் பதித்திருக்கிறது, அதில் பெயர் மட்டும். பக்கத்திலேயே அவர் வளர்த்த நாய்களுக்கும் வரிசையாகக் கற்கள். நாய்களுக்குப் பக்கத்தில், ஆரவாரம் இல்லாமல், ராத்திரியில் என்னைப் புதையுங்கள் என்று அவர் எழுதிவைத்திருந்தார். 1786 ஆகஸ்ட் 17-இல் இறந்ததும் வாரிசு அதைக் கேட்கவில்லை, தேவாலயத்தில் தந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் சவப்பெட்டி உப்புச் சுரங்கம் வரை போய், வேறு ஊர்களில் கிடந்து, 1991 ஆகஸ்ட் 17 நள்ளிரவில்தான் கேட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது. 205 வருடம் கழித்து.

கல்லின் மேல் உருளைக்கிழங்குகள். பஞ்ச காலத்தில் குடிகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று, 1756 மார்ச் 24-இல் கிழங்கு பயிரிடச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டவர். அவருடைய பிரஷ்யாவில்தான் பார்மாந்தியே சிறையில் இருந்தார். இரண்டு பேர் பெயரிலும் ஒரே கதை வேறு உலவுகிறது: கிழங்கு வயலுக்குக் காவல் போட்டு, இது விலையுயர்ந்த பொருள் போலும் என்று மக்களைத் திருடவைத்ததாக. கதை யாருடையதோ, கிழங்கு ஒன்றுதான்.

பையிலிருந்து எடுத்தேன். அக்கா துடைத்துக் கொடுத்தது ரயில் வெப்பத்தில் லேசாகச் சுருங்கியிருந்தது. ஒரு கண்ணில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. வைத்துவிட்டு அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஜோடி பிரிஞ்சு போச்சு பாவம். ஆனா போய்ச் சேர்ந்துடுச்சு."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஆசிரியை ஏதோ பேச, பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் பையிலிருந்து எடுத்து வைத்தார்கள். வைத்துவிட்டு ஒரு பெண் மட்டும் ஓடிப் போய் ஒரு நாயின் கல்லில் ஒரு காய்ந்த இலையை வைத்துவிட்டு வந்தாள்.

குளிர் எலும்பைப் பிடித்தது. ஊருக்குள் ஒரு சிறிய கடையில் 6.50 யூரோவுக்கு உருளைக்கிழங்கு சூப். கொத்தமல்லிக்குப் பதில் வேறொரு கீரை தூவியிருந்தது, கேட்காமலே இரண்டாம் துண்டு ரொட்டி வந்தது.

நவம்பர் 4, செவ்வாய். பெர்லின்

டோரோதேயன்ஸ்டாட் கல்லறைத் தோட்டம். சின்ன இடம், நகரத்தின் நடுவில். நாடகாசிரியர் ப்ரெக்ட் கடைசி வருடங்களில் இதை ஒட்டிய வீட்டில்தான் இருந்தார், 1956-இல் இறந்ததும் இங்கேயே வந்துவிட்டார். செதுக்காத ஒரு கல்லில் பெயர் மட்டும். இன்னொரு நாடகாசிரியர் ஹைனர் முல்லர் கல்லறையில் சுருட்டு. அவர் வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும், அதனால். எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃபின் கல்லறையில் பேனாக்கள் மண்ணில் குத்தி நிற்கின்றன, நாற்று நட்ட மாதிரி. பெரும்பாலும் மலிவான பந்துமுனைப் பேனாக்கள். ஒன்றை எடுத்து என் கைப்பிரதியில் கோடு போட்டுப் பார்க்கலாமா என்று கை போனது, எடுக்கவில்லை.

இன்று உடம்பு சரியில்லை. மூக்கு ஒழுகுகிறது. சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

நவம்பர் 5, புதன். ப்ராக், பழைய யூதக் கல்லறை

விடிகாலை ரயில். வழியெல்லாம் எல்பே ஆற்றை ஒட்டிப் பாறைகள், மூடுபனி. ப்ராகில் மதியம் 95 கொருனாவுக்குக் கிழங்கு சூப், காளான் போட்டது, பிரமாதம். செக் மொழியில் உருளைக்கிழங்குக்கு பிராம்போர் என்று பெயர். போட்ஸ்டாம் இருக்கும் பிராண்டன்பர்க் பகுதியின் பெயரிலிருந்து வந்ததாம். நேற்று முன்தினம் நான் நின்ற மண்ணின் பெயரையே இவர்கள் தினம் சாப்பிடுகிறார்கள்.

பழைய கல்லறைக்குள் போகப் பிங்காஸ் தொழுகைக்கூடம் வழியாகத்தான் போனேன். அதன் சுவர்களில் கிட்டத்தட்ட 80,000 பெயர்களை எழுதியிருக்கிறார்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள். ஊர், குடும்பப் பெயர், பெயர், பிறந்த தேதி, கடைசித் தேதி. எழுத்து சின்னது, கறுப்பும் சிவப்பும். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏதோ வண்ணம் அடித்தது போல இருக்கிறது. கிட்டப் போனால்தான் மனிதர்கள். இவர்களுக்குக் கல்லறை கிடையாது. கொத்து ரொட்டிக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

வெளியே, 1439 முதல் 1787 வரை புதைத்த இடம். நிலம் போதாமல் மண்ணைக் கொட்டி, பழைய கல்லறை மேல் புதியது. சுமார் 12,000 கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, பேருந்தில் தூங்குபவர்கள் மாதிரி நிற்கின்றன. 1609-இல் இறந்த யூத மதகுரு ரபி லோவின் கல்லறை சின்ன வீடு போல இருக்கிறது. மேலே கூழாங்கற்கள், இடுக்குகளில் மடித்த காகிதங்கள், வேண்டுதல்கள். ஒரு காகிதம் மழையில் விரிந்துவிட்டது. மை கரைந்து நீலக் கறை மட்டும்தான் இருந்தது.

நவம்பர் 6, வியாழன். ப்ராக், புதிய யூதக் கல்லறை

எழுத்தாளர் காஃப்காவைப் பார்க்க வந்தேன். ஜெலிவ்ஸ்கேஹோ மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலில் இருந்தவர் என் வெறுந்தலையைப் பார்த்துப் பேசாமல் ஒரு சின்னத் துணித் தொப்பியை நீட்டினார். காற்று இரண்டு முறை அதைப் பறக்கடித்தது, இரண்டாம் முறை ஓடிப் பிடித்தது ஒரு வயதான அம்மா. எழுபதுக்கு மேல் இருக்கும். தொப்பியைத் தட்டிக் கொடுத்தார்.

காஃப்காவின் கல் ஆறு பக்கமாக, மேலே அகன்று கீழே ஒடுங்கி நிற்கிறது. 1924 ஜூனில் இறந்தவர். அவருக்குப் பின் போன அப்பாவும் அம்மாவும் அதே கல்லறையில்தான். அப்பாவிடம் சொல்ல முடியாததையெல்லாம் 1919-இல் நீண்ட கடிதமாக எழுதி, அதைக் கொடுக்காமலே போனவர். இப்போது உலகம் முழுவதிலுமிருந்து பேனாவும் கடிதமும் அவருக்கு வருகிறது, அதெல்லாம் அப்பாவின் மேலேயும் விழுகிறது. கல்லடியில் ஒரு பலகையில் எல்லி, வல்லி, ஓட்லா என்று மூன்று தங்கைகளின் பெயர். மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். உடல் இங்கே இல்லை.

கூழாங்கல் நிறைய இருந்தது. நான் ஒன்றும் கொண்டுவரவில்லை. கிழங்கு தீர்ந்துவிட்டது. நடைபாதையிலிருந்து ஒன்றை எடுக்கக் குனிந்தேன். தொப்பி பிடித்துக் கொடுத்த அம்மா பக்கத்தில் வந்து, ஒரு துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்னக் கற்கள், கழுவி உலர்த்தியவை. தன் வீட்டுத் தோட்டத்துக் கற்களாம். தட்டுத்தடுமாறின ஆங்கிலத்தில், "ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஏன் கல் என்று கேட்டேன். பூ வாடும், கல் வாடாது என்றார் முதலில். அப்புறம் ஒரு கல்லறையின் அடியில் செதுக்கிய ஐந்து எபிரேய எழுத்துகளைக் காட்டினார். ஏறக்குறைய எல்லாக் கல்லிலும் அவை இருக்கின்றன. 'உயிர்களின் முடிச்சில் இவரது உயிரும் முடியப்படட்டும்' என்பதன் சுருக்கம். முடிச்சு என்று அங்கே வரும் சொல்லுக்கே கூழாங்கல் என்றும் ஒரு பொருள் உண்டாம். அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள், என் அம்மாவோ, நீ வந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று மட்டும் சொல்வாள் என்றார்.

காஃப்காவுக்கு வைத்தேன். அந்த அம்மா வைக்கவில்லை. இவருக்கு நிறைய இருக்கிறது என்று உள்ளே நடந்தார், நானும் போனேன்.

உள்ளே போகப் போக, ஐவிக் கொடி மூடிய கற்கள். பணக்கார வீட்டுக் கறுப்புப் பளிங்கு, பக்கத்தில் எளிய மணற்கல். எதன் மேலும் கல் இல்லை. வணிகர், மருத்துவர், யாருடைய மனைவியோ. 1911, 1926, 1933 என்று தேதிகள். கல் வைக்க வர வேண்டியவர்களின் பெயர்களை நேற்று சுவரில் படித்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நான் பேர்பெற்றவர்களையே தேடிப் போயிருக்கிறேன்.

அந்த அம்மா கொடியை விலக்கி, பெயரை வாய்விட்டுப் படித்து, ஒரு கல்லை வைப்பார். அடுத்தது. அவருக்குச் சொந்தமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மாதம் ஒருமுறை வருகிறார், ஒரு வரிசை முடிப்பார், அடுத்த மாதம் அடுத்த வரிசை. முழங்கால் வலியால் குனிய முடியவில்லை என்றார். சரி, நான் குனிகிறேன் என்றேன்.

அவர் படித்தார். நான் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, தப்பாகச் சொன்னால் அவர் திருத்தி, பிறகு கல்லை வைத்தேன். கை மரத்துவிட்டது. ஈர ஐவி இலையின் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்கள். மணியடித்தபோது பையில் மூன்று கல் மிச்சம், வரிசையில் ஐந்து பேர் பாக்கி.

மூன்று பேருக்கு வைத்தோம். மீதி இரண்டுக்கு நான் நடைபாதையில் தேடி எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, இதுவும் நல்ல கல்தான் என்று என்னையே வைக்கச் சொன்னார்.